நவம்பர் 1-ல் கையெழுத்தா, ஜனவரி வரை பொறுமையா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் அநேகமாக அமெரிக்கப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நவம்பரில் அந்தப் பிள்ளைகள் பள்ளிக் கடைசி ஆண்டின் முதல் பாதியில் இருப்பார்கள். இறுதித் தேர்வுக்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கும். நம் மொரீஷியஸில் அதே நவம்பரில் எச்.எஸ்.சி. என்னும் பள்ளி இறுதித் தேர்வு நடந்துகொண்டிருக்கும். காலையில் வேதியியல் தாள், சாயங்காலம் டியூஷன், ராத்திரி உட்கார்ந்து ‘எங்கள் கல்லூரிக்கு ஏன் வர விரும்புகிறாய்?’ என்ற கேள்விக்கு 250 சொல்லில் கட்டுரை. எர்லி டிசிஷனா ரெகுலர் டிசிஷனா என்ற கேள்விக்கு நியூ ஜெர்சிப் பிள்ளைக்குச் சொல்லும் பதிலையே ரோஸ் ஹில் பிள்ளைக்கும் சொன்னால் அது சரியாக வராது. நாட்காட்டியே வேறு.

பெயர்களை முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம். எர்லி டிசிஷன், இனிமேல் இ.டி., கட்டுப்படுத்தும் ஏற்பாடு. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. முடிவு டிசம்பர் நடுவில். இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். இ.டி. 2 என்பதும் அதே கட்டுப்பாடுதான்; ஆனால் ஜனவரியின் முதல் இரண்டு வாரத்துக்குள் போட்டால் பிப்ரவரி நடுவில் பதில் வரும். எர்லி ஆக்‌ஷன் சீக்கிரம் போட்டுச் சீக்கிரம் தெரிந்துகொள்வது. கட்டுப்பாடு கிடையாது, மே 1 வரை யோசிக்கலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் நான்கிலும் இதில் இறுக்கமான வகை ஒன்று இருக்கிறது: சேர்ந்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் வேறு எந்தத் தனியார் அமெரிக்கக் கல்லூரிக்கும் அந்த முதல் சுற்றில் போடக்கூடாது. ரெகுலர் டிசிஷன், அதாவது ஆர்.டி., ஜனவரித் தொடக்கத்தில் போட்டு மார்ச் கடைசியில் பதில் பெறுவது.

இ.டி. போடும்போது, பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் ஓர் ஒப்பந்தப் படிவம் வரும். அதில் மூன்று கையெழுத்து: பிள்ளை, பெற்றோரில் ஒருவர், பள்ளியின் ஆலோசகர். இங்கே பல பள்ளிகளில் தனியாக ஆலோசகர் கிடையாது, பள்ளித் தலைவரான ரெக்டர்தான் அந்த இடத்தில் கையெழுத்திடுவார். இது நீதிமன்றத்தில் நிற்கும் பத்திரம் இல்லை. மீறினால் போலீஸ் வராது. ஆனால் ரெக்டர் தன் பள்ளியின் பெயரில் சொல் கொடுக்கிறார். ஒரு பிள்ளை காரணமில்லாமல் பின்வாங்கினால், அடுத்த ஆண்டு அதே பள்ளியிலிருந்து அதே கல்லூரிக்குப் போகும் விண்ணப்பத்தை அந்த அலுவலகம் வேறு கண்ணால்தான் பார்க்கும். நம்மைப் போன்ற சின்னத் தீவில், ஆண்டுக்கு ஒன்றிரண்டு விண்ணப்பம் மட்டும் போகிற பள்ளிக்கு, அது சின்ன நஷ்டம் இல்லை.

சரி, கட்டுப்பட்டால் என்ன லாபம்? எல்லோரும் காட்டுவது சேர்க்கை விகிதத்தைத்தான். 2024-ல் சேர்ந்த வகுப்புக்குப் பிரவுன் பல்கலைக்கழகம் இ.டி.யில் விண்ணப்பித்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேரை எடுத்தது. இரண்டு சுற்றையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 5 சதவீதம்தான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பெற்றோர், இ.டி. போட்டால் வாய்ப்பு மூன்று மடங்கு என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. அந்த 14 சதவீதத்துக்குள் பயிற்சியாளர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்ட விளையாட்டு வீரர்கள் இருக்கிறார்கள், அதே கல்லூரியில் படித்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், சேர்க்கைக் கூட்டமைப்புகள் வழியாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சும் அனுகூலம் உண்மையானதுதான், ஆனால் மூன்று மடங்குக்கு வெகு கீழே. அந்த மிச்ச அனுகூலத்துக்குக் காரணம் எளிது: எடுத்தால் கட்டாயம் வரும் பிள்ளை கல்லூரிக்கு நிச்சயம், வருமோ வராதோ என்கிற பிள்ளை நிச்சயமில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் வகுப்பில் ஏறக்குறையப் பாதியை இ.டி.யிலேயே நிரப்பிவிடுகிறது. மார்ச்சில் மிச்சமிருக்கும் பாதிக்குத்தான் மற்ற கூட்டமெல்லாம் மோதுகிறது.

இந்த முறை வசதியும் விவரமும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே சாதகம் என்ற குற்றச்சாட்டு பழையது. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-ல் முன்கூட்டிச் சேர்க்கும் சுற்றை நிறுத்துவதாக அறிவித்தன. மற்றவர்களில் பெரும்பாலோர் பின்தொடரவில்லை. 2011-ல் இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

இனி நம் நாட்காட்டிக்கு வருவோம். எல்லா வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது.

எச்.எஸ்.சி. அக்டோபர், நவம்பரில். முடிவு ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரித் தொடக்கத்தில். இ.டி. முதல் சுற்றில் போடும் பிள்ளையின் கோப்பில், எச்.எஸ்.சி.க்கு இரண்டு ஆண்டு முன் எழுதிய எஸ்.சி. தேர்வின் மதிப்பெண், பள்ளித் தவணை அறிக்கைகள், ஆசிரியர்கள் கணித்துச் சொல்லும் கிரேடு ஆகியவைதான் இருக்கும். அசல் எச்.எஸ்.சி. முடிவு இருக்காது. ஆர்.டி.யில் போடும் பிள்ளைக்கோ, கோப்பு பிப்ரவரியில் மேசையில் கிடக்கும்போதே அசல் முடிவு வந்து சேர்ந்துவிடும். பிரின்சிபல் எனப்படும் மூன்று முதன்மைப் பாடத்திலும் உச்ச கிரேடு என்று சான்றிதழோடு வந்தால் அது கணிப்பு இல்லை, சாதனை. அமெரிக்கப் பிள்ளைக்கோ, ஜூனில் ஏ லெவல் எழுதும் இங்கிலாந்துப் பிள்ளைக்கோ இந்த வசதி கிடையாது. அவர்கள் மார்ச்சிலும் கணிப்பை நம்பித்தான் நிற்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஆர்.டி.யில் சொல்லப்படாத ஓர் அனுகூலம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே முதல் கேள்வி: கையில் இருக்கும் தாள்கள் பிள்ளையின் உண்மையான உயரத்தைக் காட்டுகின்றனவா? எஸ்.சி.யில் சுமாராக வாங்கி, எச்.எஸ்.சி.யின் முதல் ஆண்டான லோயர் சிக்ஸில் சூடுபிடித்து, கடைசி ஆண்டான அப்பர் சிக்ஸில் பறக்கும் பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளை நவம்பரில் போட்டால் பழைய மதிப்பெண்தான் பேசும். பிப்ரவரி வரை பொறுத்தால் புது மதிப்பெண் பேசும். தலைகீழாகவும் உண்டு. எஸ்.சி.யில் அள்ளிக்கொண்டு வந்த பிள்ளை, பள்ளி நடத்தும் மாதிரித் தேர்வான மாக் தேர்வில் சறுக்கியிருந்தால், ஆசிரியர் கணிப்பு நன்றாக இருக்கும்போதே போடுவது புத்திசாலித்தனம். ஆனால் ஒன்று: இ.டி.யில் எடுத்த பிறகும் இறுதி அறிக்கை கேட்பார்கள். கணிப்புக்கும் முடிவுக்கும் இடையே பெரிய பள்ளம் விழுந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை கல்லூரிக்கு உண்டு.

அடுத்தது லொரேயா. எச்.எஸ்.சி. முடிவை ஒட்டியே, லொரேயா எனப்படும் அரசு உதவித்தொகை பெறுவோர் பட்டியலும் வரும். பள்ளியில் முதல் மூன்று நான்கு இடத்தில் இருக்கும் பிள்ளையின் வீட்டில் அந்த எதிர்பார்ப்பு இல்லாமல் இருக்காது. இ.டி. போட்டு டிசம்பரில் இடம் கிடைத்துவிட்டால், பிப்ரவரியில் லொரேயா ஆனாலும் லண்டன், மெல்பர்ன் என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் போய்விட்டது. அந்தத் தொகையை அமெரிக்காவுக்கே எடுத்துப் போனாலும் வீட்டுக்குப் பெரிய மிச்சம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெளியிலிருந்து வரும் எந்த உதவித்தொகையையும் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததும் அவர்கள் கொடுக்கும் மானியம் அந்த அளவுக்கு இறங்குவதுதான் வழக்கம். லொரேயா வாய்ப்பு நிஜமாகவே இருக்கும் பிள்ளை முதல் சுற்று இ.டி.யில் கையெழுத்துப் போடுவதற்கு, ‘லொரேயா ஆனாலும் இங்கேதான்’ என்று வீட்டில் எல்லோரும் சொல்லக்கூடிய கல்லூரியாக அது இருக்க வேண்டும்.

இங்கிலாந்துக்கும் சேர்த்துப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் இவற்றுக்கு, இங்கிலாந்தின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் கடைசி நாள் அக்டோபர் 15. அந்த இரண்டு பல்கலைக்கழகமும் பதில் சொல்வது ஜனவரியில். இ.டி. பதிலோ டிசம்பரில். இடம் கிடைத்தால் யூகாஸ் விண்ணப்பத்தையும் விலக்கிக்கொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜ் என்ன சொல்லியிருக்கும் என்பது கடைசிவரை தெரியாது. இந்தச் சங்கடம் வேண்டாம் என்றால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் வகைக்குப் போகலாம். அவர்களுடைய கட்டுப்பாடு அமெரிக்கத் தனியார் கல்லூரிகளைப் பற்றியது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போடுவதை அது தடுக்காது.

இனி பணம். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

பெரிய தனியார் கல்லூரிகளில் ஆண்டுக்கு மொத்தச் செலவு 90,000 டாலரை ஒட்டி நிற்கிறது. டாலருக்கு 45 ரூபாய் என்று வைத்தாலே நாற்பது லட்சத்துக்கு மேல். ஆகவே இங்கிருந்து போகும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நிதியுதவி இல்லாமல் பேச்சே இல்லை. உதவி கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிக்குமா என்பதைக் கல்லூரிவாரியாகப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளையின் பணத் தேவையைப் பார்க்காமல் எடுத்து, கணக்கிட்ட தேவை முழுவதையும் கொடுக்கும் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் சில: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் நெடுங்காலமாக. டார்ட்மவுத், போடின் 2022 முதல். பிரவுன் அதற்குப் பிறகு. இவற்றில் இ.டி. உள்ளவை ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், போடின், பிரவுன். உதவி தேவைப்படும் நம் பிள்ளை இ.டி. போடத் துணிந்தால் இந்த நான்கில் ஒன்றைப் பார்ப்பது நியாயம்: கேட்டதற்காகத் தள்ளமாட்டார்கள், எடுத்தால் கைவிடமாட்டார்கள்.

பென்சில்வேனியா, கொலம்பியா, கார்னெல், டியூக் போன்றவை தேவையைக் கணக்கில் வைத்தே வெளிநாட்டுப் பிள்ளையை எடுக்கின்றன. எடுத்தால் கொடுப்பார்கள்; ஆனால் எத்தனை பேரை எடுப்பது என்பதில் பை எவ்வளவு கனம் என்பதும் சேரும். இங்கே சில வீடுகளில் ஒரு குறுக்கு வழி யோசிப்பார்கள்: முதலில் உதவி வேண்டாம் என்று போட்டு உள்ளே நுழைந்துவிட்டுப் பிறகு கேட்கலாம். வேண்டாம். விண்ணப்பத்தில் கேட்காத வெளிநாட்டுப் பிள்ளைக்கு நான்கு ஆண்டும் உதவி கிடையாது என்று இத்தகைய கல்லூரிகள் பல விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. இ.டி. ஒப்பந்தத்தோடு இதைச் சேர்த்தால் வீட்டை விற்றுப் படிக்கவைக்க வேண்டியதுதான்.

ஒப்பந்தத்தில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. உதவி கேட்டு, கிடைத்த தொகையை வைத்துச் சேர முடியாத நிலை என்றால் இ.டி.யிலிருந்து விடுவிக்கக் கேட்கலாம். முறையான உரிமை இது, ஏமாற்று இல்லை. வழி இப்படி: டிசம்பரில் உதவிக் கடிதம் வரும். முதலில் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதி, எந்த வருமானத்தை அல்லது சொத்தை அவர்கள் தவறாக எடுத்துக்கொண்டார்கள் என்று ஆவணத்தோடு காட்டி மறுபரிசீலனை கேளுங்கள். அதன் பிறகும் எட்டவில்லை என்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு விடுவிப்புக் கேட்டுக் கடிதம். இதில் இழப்பு ஒன்று உண்டு: நான்கு கல்லூரியின் கடிதங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பேரம் பேசும் வசதி இ.டி.யில் கிடையாது. ஒரே கடிதம். ஆகையால் நவம்பருக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து ஓர் எண்ணை எழுதி வையுங்கள்: ஆண்டுக்கு நம்மால் இவ்வளவு ரூபாய்தான். விமானச் சீட்டு, மருத்துவக் காப்பீடு, முதல் ஆண்டுக் குளிர் உடை எல்லாம் அந்த எண்ணுக்குள். முழுத் தேவையும் தருவோம் என்கிற கல்லூரிகளிலும் காப்பீடு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

நிதியுதவிக்காக வீட்டு வருமானத்தையும் சொத்தையும் கேட்கும் சி.எஸ்.எஸ். படிவம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பல வார்த்தை. முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்தவற்றுக்கு 16. இ.டி.க்கு இதுவும் நவம்பர் முதல் பாதியிலேயே போய்ச் சேர வேண்டும். நம் ஊர்க் கணக்கு இதில் மூன்று இடத்தில் சிக்கும். முதலாவது, மொரீஷியஸில் வருமான ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை. படிவம் கேட்பது நாட்காட்டி ஆண்டை வைத்து. வரித்துறையான எம்.ஆர்.ஏ.வின் அறிக்கையில் இருக்கும் எண்ணும் படிவத்தில் எழுதிய எண்ணும் ஒத்துப்போகாது. இதை விளக்கம் எழுதும் பெட்டியில் இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும், டிசம்பரில் சேர்க்கைக் கடிதம் வந்தும் உதவிக் கடிதம் வராமல் தவிக்க நேரும்.

இரண்டாவது, ஆண்டு இறுதி போனஸ். அப்பாவுக்கு மாதம் 52,000, அம்மாவுக்கு 31,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டால் பெருக்கினால் 9,96,000. டிசம்பரில் வரும் பதின்மூன்றாவது மாதத்தையும் சேர்த்தால் 10,79,000. முதலாளி கொடுக்கும் ஊதியச் சான்றில் இரண்டாவது எண்தான் இருக்கும். படிவத்தில் முதல் எண்ணை எழுதினால் 83,000 ரூபாயை மறைத்த மாதிரித் தெரியும். மூன்றாவது, நாணயம். எந்த நாணயத்தில் எழுதுகிறீர்கள் என்று படிவம் கேட்கும். ரூபாய் என்றால் கடைசிவரை ரூபாய்தான். சம்பளத்தை ரூபாயிலும் வங்கி இருப்பை டாலரிலும் எழுதி, தேவையில்லாமல் ஏழையாகவோ கோடீஸ்வரராகவோ ஆகிவிடுகிறவர்கள் உண்டு.

வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், வீட்டோடு கடை வைத்திருப்பவர்கள் எம்.ஆர்.ஏ. தாள் இல்லையே என்று கலங்க வேண்டாம். மாத வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆறு மாத வங்கிக் கணக்குத் தாளை இணைத்தால் ஏற்பார்கள். நம் அரசுத் தாள்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவும் கிடையாது.

இனி பள்ளி அலுவலகம். பள்ளி நவம்பரில் மூடினால் ஜனவரியில்தான் திறக்கும். இ.டி.க்கு மட்டும் அவசரம், ஆர்.டி. தாளை டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், டிசம்பரில் பூட்டிய வாசலைத்தான் பார்ப்பார்கள். ரெக்டரின் பள்ளி அறிக்கை, மதிப்பெண் பட்டியல், இரண்டு ஆசிரியர் பரிந்துரை ஆகியவை எந்தச் சுற்றாக இருந்தாலும் செப்டம்பர் கடைசிக்குள் காமன் ஆப்பில் ஏறியிருக்க வேண்டும். ஒருமுறை ஏற்றினால் எல்லாக் கல்லூரிக்கும் அதுவே போகும். ஆகவே ஆசிரியரை இரண்டாம் தடவை தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. வரிசை முக்கியம். ஆகஸ்ட் 1-ல் புது விண்ணப்பம் திறக்கும். ஏதாவது ஒரு கல்லூரியையாவது பட்டியலில் சேர்த்து, பரிந்துரையைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற படிவத்தை முடித்தால்தான் ஆசிரியருக்கு அழைப்பே அனுப்ப முடியும். அழைப்பு மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் விழுவது வெகு சாதாரணம். அனுப்பிய அன்றே ஆசிரியர் அறைக்குப் போய், “மிஸ், மெயில் வந்துச்சா?” என்று கேட்டுவிடுங்கள். இ.டி. ஒப்பந்தம் ரெக்டரின் பக்கத்தில் தனியாகத் தெரியும். மற்றதையெல்லாம் அனுப்பிவிட்டு அதை மட்டும் விட்டுவிடுவதும் நடக்கிறது. அப்போது கோப்பு முழுமையாகாமல் கிடக்கும்.

பள்ளியைப் பற்றி ஒரு பக்க அறிமுகம் பெரும்பாலான பள்ளிகளில் எழுதி வைத்திருப்பதில்லை. பிள்ளையே வரைவு தயாரித்து ரெக்டரிடம் கொடுக்கலாம்: பள்ளியில் எத்தனை பேர், மூன்று பிரின்சிபல், ஒரு சப்சிடியரி, ஜெனரல் பேப்பர் என்ற அமைப்பு, தேர்வைக் கேம்பிரிட்ஜோடு சேர்ந்து நம் தேர்வு வாரியமான எம்.இ.எஸ். நடத்துகிறது, பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது, இறுதி முடிவு எப்போது வரும். இந்தக் கடைசி வரிதான் தங்கம். மாசசூசெட்ஸில் கோப்பைப் படிப்பவருக்கு, பிப்ரவரியில் அசல் மதிப்பெண் வரப்போகிறது என்று அப்போதுதான் தெரியும். இடையாண்டு அறிக்கை கேட்கும் இடத்தில் நம் பள்ளி அனுப்ப வேண்டியதும் அதைத்தான்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்.ஏ.டி. தேவைப்படும் கல்லூரிகள் மறுபடி கூடிவருகின்றன. எம்.ஐ.டி., ஹார்வர்ட், டார்ட்மவுத், பிரவுன் எல்லாம் திரும்பக் கேட்கத் தொடங்கிவிட்டன. அக்டோபர், நவம்பர் எஸ்.ஏ.டி. தேதிகள் எச்.எஸ்.சி.யோடு முட்டும். அப்பர் சிக்ஸ் ஆண்டின் மார்ச் அல்லது மே, தப்பினால் ஆகஸ்ட். அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவில் இடம் குறைவு, பதிவு திறந்ததும் போட்டுவிட வேண்டும். ஆகஸ்டுக்குள் மனநிறைவான மதிப்பெண் இல்லையென்றால் முதல் சுற்று இ.டி.யை மறந்துவிடுங்கள், டிசம்பர் எஸ்.ஏ.டி. எழுதி ஆர்.டி.க்குப் போங்கள்.

நேரக் கணக்கு: காமன் ஆப்பில் கடைசி நாள் என்பது விண்ணப்பிப்பவரின் ஊர் நேரப்படி இரவு 11:59. நியூயார்க்கில் இன்னும் மாலைகூட ஆகவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை. நவம்பர் 2 இங்கே பொது விடுமுறை, தீபாவளியும் அந்தப் பக்கமாகவே வரும். வங்கி அட்டை தகராறு செய்தால் உதவிக்கு ஆள் கிடைக்காது. கட்டணத்தை இரண்டு மூன்று நாள் முன்பே கட்டிவிடுவது மேல். முடிவு அங்கே மாலை 7 மணிக்கு வெளியானால் டிசம்பரில் நமக்கு மறுநாள் விடியற்காலை 4 மணி.

இவ்வளவையும் வைத்து என் கணிப்பைச் சொல்கிறேன். முதல் சுற்று இ.டி. நம் ஊரில் மிகச் சிலருக்குத்தான் பொருந்தும். ஆகஸ்டுக்குள் எஸ்.ஏ.டி. முடிந்திருக்க வேண்டும். செப்டம்பருக்குள் 650 சொல் கட்டுரையும் கல்லூரிக்கான துணைக் கட்டுரைகளும் முடிந்திருக்க வேண்டும். தேர்வு தொடங்கிய பிறகு எழுதும் கட்டுரையும் சரியாக வராது, தேர்வும் கெடும். எஸ்.சி., மாக் இரண்டும் ஒரே உயரத்தைக் காட்ட வேண்டும். வீட்டு எண் எழுதியாகியிருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஆர்.டி.யே நல்லது. தேர்வு முடிந்த பிறகு ஜனவரித் தொடக்கம் வரை ஐந்தாறு வாரம் முழுசாகக் கையில் இருக்கிறது. இந்த அமைதி அமெரிக்கப் பிள்ளைக்குக் கிடைக்காது. பெரும்பாலான ஆண்டுகளில் காவடி விரதம் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்ப வேலையெல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் உண்மையில் நம் நாட்காட்டிக்கு அளவெடுத்துத் தைத்தது இ.டி. 2தான். இதை ஏனோ இங்கே யாரும் பேசுவதில்லை. ஜனவரியில் போடுகிறோம், தேர்வு முடிந்துவிட்டது. முடிவு பிப்ரவரி நடுவில், அதற்குள் எச்.எஸ்.சி. முடிவு வந்திருக்கும், லொரேயா பட்டியலும் தெரிந்திருக்கும். மதிப்பெண் நன்றாக இருந்தால் அன்றே ஸ்கேன் செய்து கல்லூரியின் பக்கத்தில் ஏற்றிவிடலாம். நிலைமை மாறிவிட்டது, கட்டுப்பட இஷ்டமில்லை என்றால், முடிவு வெளியாவதற்கு முன் எழுதிக் கேட்டு ஆர்.டி.க்கு மாற்றிக்கொள்ளப் பொதுவாக விடுவார்கள். வெளியான பிறகு கேட்பது வேறு கதை. வாண்டர்பில்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், டஃப்ட்ஸ், எமரி, ஸ்வார்த்மோர், மிடில்பரி, சிகாகோ எல்லாவற்றிலும் இந்த இரண்டாம் சுற்று உண்டு. முன் சொன்ன நான்கில் போடினில் மட்டும் இருக்கிறது. ஐவி லீக் (ஹார்வர்ட், பிரவுன், பென்சில்வேனியா உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்கள்) என்று பிடிவாதம் பிடிக்கும் வீடுகளுக்கு இது உதவாது. அந்த எட்டில் எதிலும் இ.டி. 2 இல்லை.

டிசம்பரில் ‘ஒத்திவைப்பு’ என்று வந்தால் அழ வேண்டாம். இ.டி. கட்டுப்பாடு அதோடு தீர்ந்தது, கோப்பு ஆர்.டி. கூட்டத்தோடு மார்ச்சில் மறுபடி பார்க்கப்படும். வேறு கல்லூரிக்கு இ.டி. 2 போடவும் தடையில்லை. ஒத்திவைத்த கல்லூரிக்கு ஒரு பக்கக் கடிதம் போதும், அதுவும் எச்.எஸ்.சி. முடிவு கைக்கு வந்த நாளில். வெறும் ஆசையை ஜனவரியில் எழுதுவதைவிட மதிப்பெண்ணைப் பிப்ரவரியில் எழுதுவது கனமானது.

மூன்றாவது வழி ஒன்றையும் சிலர் யோசிக்கிறார்கள்: முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த நவம்பரில் இ.டி. போடுவது. கோப்பு பலமாக இருக்கும், ஆனால் எச்.எஸ்.சி. முடித்துக் கல்லூரி தொடங்க ஏறக்குறைய இருபத்தொரு மாதம். அந்த இடைவெளியில் ரெடுயில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டால் (இங்கே இளங்கலை இலவசம் என்பதால் அந்த எண்ணம் எல்லோருக்கும் வரும்), பல அமெரிக்கக் கல்லூரிகள் முதலாண்டு விண்ணப்பதாரராக எடுக்காமல் இடைமாற்ற மாணவராகக் கணக்கிடும். இடைமாற்றத்தில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகை வெகு குறைவு, பல இடங்களில் அறவே இல்லை. சேர்வதற்கு முன் குறிப்பிட்ட கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.